சூனியக்காரியின் உயிர்நிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை சொல்லி முடித்ததும் கேட்பவர்கள் என்னை விடாமல் துளைக்கும் விஷயம் ஒன்று உண்டு. சாகாத சூனியக்காரியின் உயிரை வைத்திருக்கும் அந்தப் பொருள்தான் அது. சிறுவர்களும் கேட்கிறார்கள், கதை எழுதுகிறவர்களும் கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் கேள்விகளுக்கு முன்னால் உள்ள பதில்கள் தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

உயிர்நிலை, உயிர்நிலை என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

ஒருத்தியின் உயிர் அவள் உடம்பில் இல்லாமல் வெளியே ஒரு பொருளில் இருந்தால், அந்தப் பொருளே அவளுடைய உயிர்நிலை. வெட்டினாலும் எரித்தாலும் விஷம் வைத்தாலும் அவள் சாகமாட்டாள். ஆனால் அந்தப் பொருள் அழிந்தால், எத்தனை காத தூரத்தில் இருந்தாலும் அந்தக் கணமே விழுந்துவிடுவாள். "ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கும் கிளியின் உடம்பில் என் உயிர் இருக்கிறது" என்ற வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை குறைவு.

இதில் பலர் கவனிக்காத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொருள் புதிதாக உயிர் எதையும் கொடுப்பதில்லை. சாவு வரும் வழியை உடம்பிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். ருஷ்யக் கதைகளில் வரும் சாகாத கொஷ்சேய், தன் சாவு ஓர் ஊசியின் முனையில் இருப்பதாகத்தான் சொல்கிறான். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி தானாகத் தெளியும்.

எப்போது பார்த்தாலும் கிளிதானா? வேறு பொருளே கிடைக்காதா?

கிளி நம் பக்கத்துக் கதைகளில் அதிகம். மேரி ஃபிரேர் 1868இல் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் பஞ்ச்கின் என்ற மந்திரவாதியின் உயிர் ஒரு பச்சைக் கிளியில் இருக்கிறது. காட்டின் நடுவே வட்டமாகப் பனைமரங்கள், அவற்றின் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தண்ணீர்ப் பானைகள், அவற்றுக்கு அடியில் கூண்டு, கூண்டுக்குள் கிளி. மயில்ராவணன் கதையின் ஒரு வடிவத்தில் உயிர் ஐந்து வண்டுகளில் இருக்கிறது. இன்னொரு வடிவத்தில் ஐந்து திசைகளில் எரியும் ஐந்து விளக்குகளில் இருக்கிறது. அவற்றை ஒரே நேரத்தில் அணைக்கத்தான் அனுமன் ஐந்து முகம் எடுக்கிறான்.

கிரேக்கத்தில் மெலியகரின் உயிர் ஒரு கொள்ளிக்கட்டையில் இருந்தது. அவன் பிறந்த ஏழாம் நாள் விதித்தேவியர் வந்து, அடுப்பில் எரியும் அந்தக் கட்டை தீர்ந்ததும் பிள்ளை இறப்பான் என்றார்கள். தாய் அல்தேயா பாய்ந்து அதை அணைத்துப் பெட்டிக்குள் பூட்டினாள். அவன் வளர்ந்து, காட்டுப்பன்றி வேட்டையில் எழுந்த சண்டையில் அவளுடைய சகோதரர்களையே கொன்றபோது, அவளே கட்டையை எடுத்து நெருப்பில் போட்டாள். கிளி, வண்டு, விளக்கு, கட்டை, முட்டை, ஊசி என்று எதுவாக இருந்தாலும் ஓர் ஒற்றுமை தெரியும். எல்லாமே ஒரு கைப்பிடிக்குள் அடங்குபவை, எளிதில் அழிபவை. பாறையில் உயிரை வைத்ததாகக் கதை சொன்னால் அந்தக் கதைக்கு முடிவே கிடைக்காது.

இது எவ்வளவு பழைய கதை? யார் முதலில் சொன்னது?

முதலில் சொன்னவர் யாரென்று எந்த நாட்டார் கதைக்கும் சொல்ல முடியாது. எழுத்தில் கிடைத்தவற்றில் மிகப் பழையது எகிப்தின் இரு சகோதரர் கதை. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் பாப்பிரஸ் சுருளில் எழுதப்பட்டது. அந்தச் சுருள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் பாத்தா என்ற தம்பி தன் இதயத்தை ஒரு மரத்தின் பூவுக்கு மேல் வைக்கிறான். மரம் வெட்டப்பட்டதும் செத்து விழுகிறான்.

நார்வே முதல் வங்காளம் வரை இந்தக் கதை பரவிக் கிடக்கிறது. ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற மானிடவியலாளர் 1890இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இதற்காகவே ஒரு நீண்ட பகுதியை ஒதுக்கி, நாடு நாடாக எடுத்துக்காட்டுகளை அடுக்கியிருக்கிறார்.

அப்படியானால் அது வரம்தானே? சாபம் எங்கிருந்து வந்தது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. பொருளைத் தொட்டவருக்குக் கேடு வரும், அதில் ரத்தம் பூசியிருக்கும், எலும்பில் செய்திருக்கும் என்றெல்லாம் புதிய கதைகளில் சாபத்தை வெளியிலிருந்து ஒட்டுகிறார்கள். பழைய கதைகளுக்கு அந்த ஒட்டுவேலை தேவைப்படவில்லை. பொருள் இருப்பதே சாபமாகிவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். உடம்பில் உயிர் இருக்கும் சாதாரண மனுஷி தன் உயிரைக் கூடவே எடுத்துக்கொண்டு நடக்கிறாள். ஆபத்து வந்தால் ஓடலாம், கதவைச் சாத்தலாம், கையை உயர்த்தித் தடுக்கலாம். சூனியக்காரியால் அது முடியாது. அவள் இங்கே உறங்கும்போது அவள் உயிர் எங்கோ ஒரு குளத்தடியில் இருக்கிறது. காவலுக்கு ஆள் வைத்தால் அந்த ஆளுக்கு ரகசியம் தெரியும். வைக்காவிட்டால் ஒரு மீனவனோ விறகு வெட்டியோ தெரியாமல் எடுத்துவிடலாம். பக்கத்தில் வைத்துக்கொண்டால் வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படும். தூரத்தில் வைத்தால் தன் கண்ணில் படாது. சாவுக்குப் பயந்துதான் உயிரை வெளியே வைத்தாள். வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடுதான் இருக்கிறாள். மற்றவர்களுக்கு எப்போதாவது வரும் மரணபயம் அவளுக்கு அன்றாட வேலையாகிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நார்வேக் கதை ஒன்றில் வரும் பூதத்தின் உடம்பில் இதயமே இல்லை, அதை வெளியே ஒரு முட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். இரக்கமில்லாமல் ஆறு இளவரசர்களையும் அவர்களுடைய மணப்பெண்களையும் கல்லாக்கி வாசலில் நிறுத்தியிருக்கிறான். இதயத்தை வெளியே வைத்தவனிடம் இரக்கம் எப்படி இருக்கும் என்பதைக் கதை விளக்குவதில்லை. அப்படி விளக்காமல் விட்டது நல்லது என்றே நினைக்கிறேன்.

இரணியனும்தான் சாகாவரம் வாங்கினான். அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரணியன் வாங்கியது நிபந்தனைகள். மனிதனாலும் மிருகத்தாலும் சாகக்கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. அந்த நிபந்தனைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு இருந்தது. நரசிம்மம் அந்தி நேரத்தில் வாசற்படியில் வைத்து அந்த இடுக்கில் நுழைந்தது. வரக் கதையில் எதிராளிக்குத் தேவை அறிவுக்கூர்மை. உயிர்நிலைக் கதையில் தேவை ஒரு முகவரி. அது தெரிந்துவிட்டால் சின்னப் பையன்கூட முடித்துவிடுவான். பஞ்ச்கினை முடிப்பது அப்படி ஒரு பையன்தான்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது அத்யாத்ம ராமாயணத்தின் ராவணன். அவன் நாபியில் அமுதம் இருப்பதாகவும், அதை வற்றச் செய்யாமல் அவன் சாகமாட்டான் என்றும் விபீஷணன் ராமனுக்குச் சொல்கிறான். உயிர்நிலை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் சொல்லிக் கொடுக்க ஒரு நெருங்கியவர் தேவைப்படுகிறார்.

ஔவையாருக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனியும் இந்த வகைதானா?

இல்லை. கனியைத் தின்றால் கனி தீர்ந்துவிடும், பலன் தின்றவரிடம் தங்கிவிடும். அதன் பிறகு ஒளித்துவைக்கவோ காவல் காக்கவோ எதுவும் இல்லை. அதனால்தான் கனிக் கதைகளில் அதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதே எல்லாமாக இருக்கிறது. மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த கனியின் பயனைத் தன் மனத்துக்குள் மறைத்துக்கொண்டு, "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்று புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவை நெகிழும்படி அதியமான் கொடுத்துவிட்டான். பர்த்ருஹரி கதையில் அரசன் அரசிக்குக் கொடுக்கிறான், அரசி தன் காதலனுக்கு, காதலன் ஒரு கணிகைக்கு, அவள் மறுபடி அரசனுக்கு. கை மாறி வந்த கனி ஒவ்வொருவர் மனத்தையும் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

சூனியக்காரியின் பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது. அதியமானுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறாள் அவள்.

இத்தனை பாடுபட்டு ஒளித்தவள், ரகசியத்தை ஏன் வாய்விட்டுச் சொல்லித் தொலைக்கிறாள்? நம்பவே முடியவில்லை.

கதை கேட்பவர்கள் பெரும்பாலும் இதைக் கதைசொல்லியின் சோம்பல் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் கதையிலேயே மிக உண்மையான இடம்.

லால் பிகாரி தே 1883இல் வெளியிட்ட வங்காளக் கதைகளில் ஒரு கிழ ராட்சசி வருகிறாள். தன் இனம் விழுங்கிய ஊரில் மிஞ்சிய ஓர் இளவரசியைச் சிறை வைத்து, பேத்திபோல் வளர்க்கிறாள். ஒருநாள் இளவரசி அவள் காலைப் பிடித்துவிட்டபடியே அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று கிழவி கேட்க, நீ வயதானவள், நீ போய்விட்டால் மற்ற ராட்சசர்கள் என்னைத் தின்றுவிடுவார்களே என்கிறாள். கிழவிக்கு மனம் இளகிவிடுகிறது. நாங்கள் சாகவே மாட்டோம் என்று தேற்றுவதற்காகவே ரகசியத்தைச் சொல்கிறாள். குளத்தடியில் ஒரு பளிங்குத் தூண், அதன்மேல் இரண்டு தேனீக்கள். ஒரே மூச்சில் மூழ்கி எடுத்து, ஒரு சொட்டு ரத்தமும் தரையில் படாமல் அவற்றைக் கொல்ல வேண்டும். சொட்டு விழுந்தால் அதிலிருந்து ஆயிரம் ராட்சசர்கள் எழுவார்கள். அவள் ஏமாந்தாள் என்பதைவிட, தனக்காக ஒருத்தி அழுகிறாள் என்று நம்பினாள் என்பதுதான் சரி.

நார்வேக் கதையில் பூதம் முதலில் பொய் சொல்கிறான். இதயம் வாசற்படிக்கு அடியில் இருக்கிறது என்கிறான். அவன் சிறை வைத்திருக்கும் இளவரசி அங்கே பூத்தூவி வைக்கிறாள். அடுத்து அலமாரியில் என்கிறான். அதற்கும் மாலை சூட்டுகிறாள். தன் இதயம் இருப்பதாகச் சொன்ன இடத்துக்கெல்லாம் ஒருத்தி பூ வைப்பதைப் பார்த்த பிறகு மூன்றாம் முறை அவனால் பொய் சொல்ல முடியவில்லை. எகிப்தின் பாத்தாவும் தன் மனைவியிடம் தானாகவே சொல்கிறான். உயிரை எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாம். அன்பு வேண்டும் என்ற ஏக்கத்தை ஒளிக்க இடம் கிடைப்பதில்லை. நான் வாசித்த வடிவங்களில் வாளால் மிரட்டி வாங்கப்பட்ட ரகசியத்தைவிடப் பரிவால் வாங்கப்பட்டதே மிகுதி. இளவரசியின் பரிவு நடிப்பு என்பதும் என்னை உறுத்தாமல் இல்லை. ஆனால் அவள் சிறையில் இருக்கிறாள். அவளிடம் வேறு ஆயுதம் இல்லை.

ஒரு பூட்டுப் போட்ட பெட்டி போதாதா? பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து என்று எதற்கு?

கொஷ்சேயின் அடுக்கு இப்படி இருக்கும். கடல் நடுவே புயான் தீவு, அதில் கருவாலி மரம், மரத்தடியில் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் ஊசி. திறந்தால் முயல் ஓடும், பிடித்தால் வாத்து பறக்கும், அடித்தால் முட்டை கடலில் விழும். நிலத்தில் ஓடுவது, வானில் பறப்பது, நீரில் மூழ்குவது என்று தப்பிக்கும் வழி மூன்றும் அந்த அடுக்கில் இருக்கின்றன.

ஆனால் கதை இந்த அடுக்கைக் கட்டியது நாயகனுக்காக. முன்பு பசியோடு இருந்தும் கொல்லாமல் விட்ட கரடி மரத்தைப் பிடுங்குகிறது, பருந்து வாத்தைப் பிடிக்கிறது, கரையில் துடித்தபோது தண்ணீரில் விட்ட மீன் முட்டையைக் கொண்டு வருகிறது. கொஷ்சேய் யாரையும் நம்பாமல் போட்ட ஒவ்வோர் அடுக்கும், ஓர் உயிருக்கு இரங்கியவனுக்குத்தான் திறக்கிறது.

பொருளை உடைத்தால் உடனே சாவாளா, கொஞ்ச நேரம் ஆகுமா?

பெரும்பாலும் உடனே. சில கதைகளில் உடம்பும் பொருளும் உறுப்புக்கு உறுப்பு இணைந்திருக்கும். பஞ்ச்கினின் கிளியிடமிருந்து ஒரு சிறகைப் பிய்த்தால் அவனுக்கு ஒரு கை விழுகிறது. காலைப் பிய்த்தால் கால். கடைசியில் கிளியின் கழுத்தைத் திருகினால் அவன் தலை. சிறுவர்களுக்குச் சொல்லும்போது இந்த இடத்தைச் சுருக்கிவிடுவேன்.

திரும்பி வந்தவனும் உண்டு. பாத்தா இறந்ததும் அண்ணன் அனுபிஸ் நான்காம் ஆண்டுவரை தேடி, விதைபோல் உலர்ந்து கிடந்த இதயத்தைக் கண்டெடுத்து குளிர்ந்த நீரில் போடுகிறான். இதயம் நீரைக் குடிக்கக் குடிக்க உடம்பு அசைகிறது. அந்த நீரைக் குடித்துத் தம்பி எழுகிறான். வெளியே வைத்த உயிரைத் தேடி எடுத்துத் தர ஒருவர் இருந்தால் அதே ஏற்பாடு காக்கவும் செய்யும். சூனியக்காரிக்கு அப்படி ஓர் அண்ணன் இல்லை.

உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவளை அடிமையாக்க முடியுமா?

கொஞ்ச நேரத்துக்கு முடியும். நார்வேக் கதையில், கல்லான ஆறு பேரின் தம்பி பூதத்தின் இதயம் இருக்கும் முட்டையை இறுக்கிப் பிடித்ததும் பூதம் கதறி, என்ன கேட்டாலும் தருகிறேன் என்கிறான். கல்லாக்கிய அண்ணன்மாரையும் அவர்கள் மணப்பெண்களையும் திருப்பிக் கொடு, உன்னைக் கொல்லாமல் விடுகிறேன் என்று சொல்லச் சொல்கிறது இளவரசனுக்குத் துணையாக வந்த ஓநாய். பூதம் கொடுத்துவிடுகிறான். அடுத்து, முட்டையை உடை என்கிறது ஓநாய். இளவரசன் உடைத்துவிடுகிறான்.

வாக்குத் தவறியது சரியா என்று சிறுவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். சரியில்லை என்றுதான் நான் சொல்வேன். கதை நம் பக்கத்து நாயகனுடையது என்பதற்காக அவன் சொன்ன சொல்லை மீறியதை மூடி மறைக்கத் தேவையில்லை. அடுத்தவர் உயிர் கைப்பிடிக்குள் இருக்கும்போது மனிதன் என்ன ஆகிறான் என்பதை அந்த ஓர் இடம் காட்டிவிடுகிறது.

பொருளைத் திருடியவருக்கு அந்தச் சாகாவரம் வந்துவிடுமா?

வராது. அதில் இருப்பது அவள் உயிர். திருடியவரின் உயிர் அவரிடமே இருக்கிறது. காவல் வேலை மட்டும் கூடுதலாக வந்து சேரும்.

காக்கும் மணிகள் வேறு வகை. அவை யார் அணிந்தாலும் வேலை செய்யும். அசுவத்தாமனின் தலைமணி அணிந்தவருக்கு ஆயுதத்தாலும் நோயாலும் பசியாலும் பயமில்லை. உறங்கியவர்களைக் கொன்ற பாவத்துக்கும், கருவின்மேல் அஸ்திரம் விட்ட பாவத்துக்கும் பிறகு அவன் அதைப் பாண்டவர்களிடம் கொடுக்க நேர்கிறது. திரௌபதி கேட்டுக்கொண்டபடி தர்மன் அதைத் தலையில் சூடினான். அசுவத்தாமனோ ரத்தமும் சீழும் நாற, துணையின்றி 3,000 ஆண்டுகள் அலையும்படி கிருஷ்ணனால் சபிக்கப்பட்டான். மணி போயிற்று, வாழ்நாள் மட்டும் மிஞ்சியது.

சாகாமல் இருப்பாள், சரி. கிழவியாகாமலும் இருப்பாளா?

கேட்டு வாங்கியிருந்தால்தான். இத்தாலியின் கூமேயில் இருந்த குறிசொல்லும் சிபில், கை நிறைய மணலை அள்ளி, அதில் எத்தனை மணல்துகளோ அத்தனை ஆண்டு வேண்டும் என்று அப்போலோ தேவனிடம் கேட்டாள். ஆயிரம் கிடைத்தது. இளமையைக் கேட்க மறந்தாள். 700 ஆண்டுகள் கழிந்து இன்னும் 300 மிச்சம் இருப்பதாக அவள் ட்ராய் வீரன் ஐனியஸிடம் சொல்வதை ரோமக் கவிஞர் ஓவிட் எழுதியிருக்கிறார். சுருங்கிச் சுருங்கி ஒரு குப்பிக்குள் தொங்கிக் கிடந்தாள் என்றும், உனக்கு என்ன வேண்டும் என்று சிறுவர்கள் கேட்டபோது, சாக வேண்டும் என்றாள் என்றும் இன்னொரு ரோம எழுத்தாளர் பெட்ரோனியஸ் சொல்கிறார்.

உயிர்நிலைக் கதைகளில் சூனியக்காரி எப்போதும் கிழவியாக வருவதற்கு இதுவே காரணமாக எனக்குத் தோன்றுகிறது. பொருள் சாவை மட்டும்தான் தள்ளி வைத்தது. மூப்பு உடம்போடு இருந்துவிட்டது.

அப்படி அலுத்துப்போனால் அவளே உடைத்துக்கொள்ளலாமே?

உடைக்கலாம், தடை எதுவும் இல்லை. ஆனால் மரணபயம்தான் அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதைச் சாபம் பற்றிய பதிலில் சொன்னேன். சிபிலின் குப்பியை உடைத்தாலும் பயனில்லை, அவள் ஆயுள் மணலில் எண்ணப்பட்டது. சூனியக்காரியின் நிலை அதைவிடக் கடினம். சாவி அவள் கையிலேயே இருக்கிறது.

நீங்கள் சொன்னதெல்லாம் அரக்கன், பூதம், மந்திரவாதி. சூனியக்காரி எங்கே?

நல்ல பிடி. பழைய தொகுப்புகளில் உயிர்நிலை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வங்காளத்துக் கிழ ராட்சசி ஓர் அரிய விதிவிலக்கு. அங்கேயும் உயிர் அவளுடையது மட்டும் இல்லை, அவள் இனம் முழுவதற்கும் பொது. பெண்கள் அதிகம் வருவது ரகசியத்தைக் கேட்டறிபவர்களாகவும், அல்தேயாவைப்போல் பொருளைக் காப்பவர்களாகவும்தான். சாகாத சூனியக்காரியும் அவளுடைய சபிக்கப்பட்ட பொருளும் என்ற சேர்க்கையைப் பெரிதாக்கியவை பிற்காலக் கற்பனைக் கதைகளும் விளையாட்டுகளும். சேர்க்கை புதிது என்பதால் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. கிழ ராட்சசியின் கதையைப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு ஆழம் போகும் என்று தெரியும்.

உண்மையான மக்கள் இதையெல்லாம் நம்பினார்களா, கதையோடு சரியா?

தலைகீழான வடிவத்தில் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தனக்குச் சூனியம் வைக்கப்பட்டதாக எண்ணியவர் தன் சிறுநீர், முடி, நகம் ஆகியவற்றோடு ஊசிகளையும் ஆணிகளையும் ஒரு ஜாடியில் அடைத்துப் புதைப்பார், அல்லது சூடாக்குவார். வைத்தவளுக்கு உடனே தாங்க முடியாத வலி எடுக்கும் என்பது நம்பிக்கை. கிரீனிச்சில் 2004இல் மூடி திறக்காத ஒரு ஜாடி கிடைத்தது. ஆய்வகத்தில் திறந்தபோது வளைந்த ஆணிகள், பித்தளை ஊசிகள், முடி, நகத்துண்டுகள், ஆணி குத்திய இதய வடிவத் தோல் எல்லாம் உள்ளே இருந்தன.

ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் வெள்ளிப்பூச்சுள்ள சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. சசெக்ஸில் ஒரு மூதாட்டியிடமிருந்து சுமார் 1915இல் வாங்கப்பட்டது. இதற்குள் ஒரு சூனியக்காரி இருக்கிறாள், வெளியே விட்டால் பெருந்தொல்லை வரும் என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார். இன்றும் அதன் அடைப்பு எடுக்கப்படவில்லை.

பழைய வீட்டுச் சுவரில் ஊசி குத்திய பொம்மை கிடைத்தது. வைத்தவளைக் கண்டுபிடிக்க வேண்டாமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692இல் பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண்ணின்மேல் வழக்கு நடந்தபோது, அவர் முன்பு குடியிருந்த வீட்டின் நிலவறைச் சுவரில் ஊசி குத்திய துணிப்பொம்மைகளைக் கண்டதாகக் கூலியாட்கள் சாட்சி சொன்னார்கள். ஜூன் 10 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்குகளில் முதல் தூக்கு அவருடையது. மொத்தம் 19 பேர் தூக்கில் மாண்டார்கள், ஒருவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார்.

கதையில் பொருள் சூனியக்காரியைச் சாகவிடாமல் காக்கிறது. வரலாற்றில் பொருள் கிடைத்த இடத்தில் ஒரு சாதாரணப் பெண்ணின் உயிர் போயிருக்கிறது. இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை அடிப்பதையும் கொல்வதையும் தடுக்க பீகார் 1999இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் சுவரில் கிடைத்தது ஒரு பழம்பொருள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். யார் பெயரையும் அதோடு சேர்க்காதீர்கள்.

நான் ஒரு கதை எழுதுகிறேன். என் சூனியக்காரிக்கு என்ன பொருள் வைக்கலாம்?

முதலில் அவள் எந்தச் சாவைப் பார்த்துப் பயந்தாள் என்று முடிவு செய்யுங்கள். தங்கை காய்ச்சலில் போனதைப் பார்த்தவள் உயிரை வைக்கும் இடமும், போரில் ஊர் எரிவதைப் பார்த்தவள் வைக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. பொருள் அந்தப் பயத்திலிருந்து வரட்டும். மண்டையோடும் கருங்கல் மோதிரமும் எல்லோரும் வைத்துவிட்டார்கள்.

அடுத்து, அவள் அதை எப்படிப் பராமரிக்கிறாள் என்று எழுதுங்கள். கிளியானால் இரை, விளக்கானால் எண்ணெய், விதையானால் ஈரம். பெரும்பாலான புதிய கதைகள் கோட்டைவிடுவது இங்கேதான். யாரிடம், எப்போது, ஏன் சொல்லிவிடுகிறாள் என்பதை மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். கிழ ராட்சசி பற்றிய பதிலை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

என் கதையில் அவள் யாரிடமும் சொல்லாமல் நடுக்கடலில் எறிந்துவிடுகிறாள். இனி அவளை யாராலும் கொல்ல முடியாதுதானே?

கடலில் எறிந்தவை திரும்பி வரும் என்பதில் கதைகள் பிடிவாதமாக இருக்கின்றன. சாமோஸ் தீவை ஆண்ட பாலிகிரேட்டஸ் அளவு மீறிய நல்லூழுக்குப் பயந்து, தனக்கு மிகப் பிடித்த மோதிரத்தைக் கடலில் வீசினான். சில நாளில் ஒரு மீனவன் காணிக்கையாகக் கொடுத்த மீனின் வயிற்றில் அது இருந்தது என்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். சகுந்தலை நீரில் தவறவிட்ட மோதிரமும் மீன் வழியாகத்தான் துஷ்யந்தனிடம் வந்தது.

வராது என்றே வைத்துக்கொண்டாலும், அது பத்திரமாக இருக்கிறதா என்று அவளாலும் இனிப் பார்க்க முடியாது. உப்பு அரிக்கிறதா, சுறா விழுங்கியதா, வலையில் சிக்கியதா என்று தெரியாது. ஒவ்வொரு மீன்பிடிப் படகு கரை சேரும்போதும் அவள் போய் நின்று வலையைப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் கதையை அந்தக் கரையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அவளுக்கு முதலில் மீன் விற்பவள் யார், அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதிலிருந்து மீதி வந்துவிடும்.